கடற்படையைக் கட்டுவோம் என்று தலைவர் அறிவித்தபின் என்ன நடக்கிறது?

2018 மே 25 அன்று, அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள அனாபொலிஸ் நகரில், கடற்படைக் கல்விக்கழகத்தில் பட்டம் பெற்று அதிகாரிகளாகப் பொறுப்பேற்கவிருந்த இளைஞர்கள் முன்னிலையில் அன்றைய அதிபர் டொனால்ட் டிரம்ப் உரையாற்றினார். கடற்படை மிக விரைவில் 355 கப்பல்கள் என்ற இலக்கை எட்டும் என்பது அந்த உரையின் முக்கியமான அறிவிப்புகளில் ஒன்று. இத்தகைய உரைகள் வெளிவரும்போதெல்லாம், அதிபர் உத்தரவிட்டுவிட்டார், இனிக் கப்பல்கள் வரிசையாக வந்து சேர்ந்துவிடும் என்ற முறையில் பலரும் பேசுகிறார்கள். மறுபுறம், இதெல்லாம் வெறும் மேடைப் பேச்சு என்று ஒதுக்கிவிடுகிறவர்களும் உண்டு. இரண்டு பார்வைகளுமே தவறானவை. ஒரு கடற்படை எப்படி வளர்கிறது, ஏன் மெதுவாக வளர்கிறது, சில சமயம் வளர்வதற்குப் பதில் ஏன் சுருங்குகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் அத்தகைய உரையில் எந்தச் சொல்லுக்கு எவ்வளவு எடை என்பது விளங்கும். அதை அடிப்படையிலிருந்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எண்ணிக்கை வேறு, ஓடுபவை வேறு

ஒரு போக்குவரத்துக் கழகத்திடம் 300 பேருந்துகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காலையில் சாலைக்கு வருபவை 300 அல்ல. சில பேருந்துகள் பணிமனையில் எஞ்சின் பிரிக்கப்பட்டுக் கிடக்கும். சிலவற்றை ஓட்டுவதற்கு ஓட்டுநர் இருக்கமாட்டார். புதிதாகச் சேர்ந்த ஓட்டுநர்கள் சிலர் இன்னும் பயிற்சியில் இருப்பார்கள். ஒவ்வோர் ஆண்டும் பழைய பேருந்துகள் கழிக்கப்படும், புதியவை வாங்கப்படும். கழிப்பதைவிட வாங்குவது கூடுதலாக இருந்தால் மட்டுமே மொத்த எண்ணிக்கை உயரும். 500 பேருந்துகளாக்குவோம் என்று கழகத் தலைவர் அறிவித்தால், அதற்குப் பணம், பேருந்து கட்டும் பட்டறை, ஓட்டுநர், பணிமனை ஆகிய நான்கும் ஒன்றாக வளர வேண்டும். ஒன்று பின்தங்கினாலும் மற்ற மூன்றுக்கும் செய்த செலவு முழுப் பயன் தராது.

கடற்படையும் இதே முறையில்தான் இயங்குகிறது. ஆனால் பேருந்து சில வாரங்களில் கட்டி முடிக்கப்படும், பெரிய போர்க்கப்பலுக்குப் பத்தாண்டு வரை ஆகும். இந்தக் கால அளவுதான் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது.

கடற்படையைக் கட்டும் அதிகாரம் யாரிடம் உள்ளது?

அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தின்படி அதிபர்தான் படைகளின் தலைமைத் தளபதி. ஆனால் கடற்படையை உருவாக்கிப் பேணும் அதிகாரத்தை அதே சட்டம் காங்கிரசுக்கு, அதாவது பிரதிநிதிகள் அவையும் செனட்டும் சேர்ந்த நாடாளுமன்றத்துக்கு, அளித்திருக்கிறது. இருக்கும் கப்பலை எங்கே அனுப்புவது என்று அதிபர் உத்தரவிடலாம்; இல்லாத கப்பலை உருவாக்க அவரால் உத்தரவிட முடியாது. அவர் ஆண்டுதோறும் நிதிநிலைக் கோரிக்கையை முன்வைப்பார். அதைக் கூட்டுவதும் குறைப்பதும் காங்கிரசின் கையில் இருக்கிறது.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்தறிவது அவசியம். அனுமதிச் சட்டம் என்பது இன்ன கப்பலை வாங்கலாம், இன்ன கொள்கையைப் பின்பற்றலாம் என்று இசைவு தருவது. ஒதுக்கீட்டுச் சட்டம் என்பது அதற்கான பணத்தைக் கருவூலத்திலிருந்து விடுவிப்பது. முதலாவது நிறைவேறி இரண்டாவது நிறைவேறாவிட்டால் கப்பல் கட்டும் தளத்தில் ஓர் இரும்புத் தகடுகூட வெட்டப்படாது.

355 என்ற எண்ணின் வரலாறே இதற்கு நல்ல சான்று. அது அனாபொலிஸ் மேடையில் பிறந்ததன்று. எத்தனை கப்பல்கள் தேவை என்று கடற்படையே 2016 டிசம்பரில் வெளியிட்ட மதிப்பீட்டில் அந்த எண் இடம்பெற்றது. அதற்கு மறு ஆண்டு டிசம்பரில் கையெழுத்தான பாதுகாப்பு அனுமதிச் சட்டம், 355 கப்பல்களுக்குக் குறையாமல் வைத்திருப்பதை நாட்டின் கொள்கையாக அறிவித்தது. ஆக, பட்டமளிப்பு உரைக்கு ஐந்து மாதங்களுக்கு முன்பே இலக்கு சட்டத்தில் இருந்தது. இல்லாதிருந்தது, பல பத்தாண்டுகளுக்கான பணம். அந்த இலக்கை எட்ட 30 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் சராசரியாக 26.6 பில்லியன் டாலர், அதாவது 2,660 கோடி டாலர், கப்பல் கட்டுமானத்துக்கு மட்டும் தேவைப்படும் என்றும், எவ்வளவு விரைந்தாலும் 2035-க்கு முன்பு எட்ட முடியாது என்றும் காங்கிரசின் நிதிநிலை அலுவலகம் 2017-இல் கணித்தது. அதற்கு முந்தைய 30 ஆண்டுகளில் சராசரியாக ஒதுக்கப்பட்டதைவிட அத்தொகை ஏறத்தாழ 60 விழுக்காடு கூடுதல்.

எதைக் கப்பல் என்று எண்ணுகிறார்கள்?

கடற்படையிடம் இருக்கும் மிதவை அனைத்தும் இந்தக் கணக்கில் சேர்வதில்லை. விமானந்தாங்கிக் கப்பல், நீர்மூழ்கிக் கப்பல், நாசகாரிக் கப்பல், படைவீரர்களைக் கரையிறக்கும் கப்பல், போரிடும் கப்பல்களுக்கு எரிபொருளும் சரக்கும் கொண்டுசெல்லும் கப்பல் போன்றவை மட்டும் போர்ப்படைக் கப்பல் என்ற வகையில் எண்ணப்படுகின்றன. சிறு ரோந்துப் படகுகள் சேர்க்கப்படுவதில்லை. இந்தக் கணக்கில், ஏறத்தாழ 1,00,000 டன் எடையுள்ள விமானந்தாங்கியும் ஒன்றுதான். அதில் முப்பதில் ஒரு பங்கு எடையுள்ள கரையோரப் போர்க்கப்பலும் ஒன்றுதான். எண்ணிக்கையை மட்டும் வைத்து வலிமையை அளப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

வருபவையும் போவனவும்

போர்க்கப்பலின் சராசரி ஆயுள் 35 ஆண்டுகள் என்று கொண்டால், 355 கப்பல்களை நிலையாக வைத்திருக்க ஆண்டுக்குச் சுமார் 10 புதிய கப்பல்கள் வேண்டும். 355-ஐ 35-ஆல் வகுத்தால் கிடைக்கும் எளிய விடை இது. இந்த 10 கப்பல்களும் வளர்ச்சிக்கானவை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். அவை ஓய்வுபெறும் கப்பல்களின் இடத்தை நிரப்புவதற்கு மட்டுமே போதும். அதற்கு மேல் கட்டினால்தான் வளர்ச்சி. ஆனால் பனிப்போர் முடிந்தபின், 1990-களில், அமெரிக்கா ஆண்டுக்குச் சராசரியாக அதைவிடக் குறைவான கப்பல்களையே வாங்கியது. அதன் விளைவு உடனே தெரியவில்லை, ஏனெனில் அதற்கு முந்தைய பத்தாண்டில் வாங்கிய கப்பல்கள் அப்போது இளமையாக இருந்தன.

அந்த முந்தைய பத்தாண்டுதான் ரொனால்ட் ரேகனின் காலம். 600 கப்பல் கடற்படை என்பது அவருடைய முழக்கம். கடற்படைச் செயலர் ஜான் லேமன் அதை முன்னின்று நடத்தினார். 1987-இல் எண்ணிக்கை 594 வரை உயர்ந்தது. தலைவரின் அறிவிப்பு ஏறத்தாழ அப்படியே நிறைவேறியதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு அமெரிக்காவின் அண்மைக்கால வரலாற்றில் இல்லை. ஆனால் அது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். புதிய கப்பல்கள் மட்டும் அதற்குக் காரணமல்ல. இரண்டாம் உலகப்போர்க் காலத்து அயோவா வகுப்பு, அதாவது அயோவா என்ற ஒரே வடிவமைப்பில் கட்டப்பட்ட, பெரும் போர்க்கப்பல்கள் நான்கும் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் பணிக்குக் கொண்டுவரப்பட்டன. பழைய கப்பல்கள் கூடுதல் காலம் பணியில் வைக்கப்பட்டன. எல்லாவற்றுக்கும் மேலாக, காங்கிரஸ் பல ஆண்டுகள் தொடர்ந்து பணம் ஒதுக்கியது. பனிப்போர் முடிந்ததும் அந்த ஆதரவு மறைந்தது, எண்ணிக்கையும் சரிந்தது. 2016 செப்டம்பர் இறுதியில் அது 275.

ஒரே காலத்தில் மொத்தமாக வாங்கினால் ஒரே காலத்தில் மொத்தமாகவே ஓய்வளிக்க நேரும் என்பது அந்தக் காலம் விட்டுச்சென்ற மற்றொரு பாடம். ரேகன் காலத்தில் வாங்கிய டைகாண்டரோகா வகுப்புக் கப்பல்களும் லாஸ் ஏஞ்சலஸ் வகுப்பு நீர்மூழ்கிகளும் அடுத்தடுத்துப் படையிலிருந்து விடுவிக்கப்பட்டு வருவது அதனால்தான். 355 இலக்கு சட்டமாகி ஏழு ஆண்டுகளான 2024-இலும் மொத்த எண்ணிக்கை 300-க்குக் கீழேயே இருந்தது.

இதனினும் வருத்தம் தரும் ஒரு நிகழ்வும் உண்டு. அந்த 2018-ஆம் ஆண்டு நவம்பரில், அதே அனாபொலிஸ் கடற்படைக் கல்விக்கழகத்தில், சூ சிட்டி என்ற கரையோரப் போர்க்கப்பல் முறைப்படி படையில் சேர்க்கப்பட்டது. சுமார் 25 ஆண்டுகள் உழைக்க வேண்டிய வகையைச் சேர்ந்த கப்பல் அது. 2023 ஆகஸ்டில், ஐந்து ஆண்டுகள் நிறைவதற்குள்ளாகவே, அது பணியிலிருந்து விடுவிக்கப்பட்டது. 2018 மே மாதம் பட்டம் பெற்ற அதிகாரி ஒருவர் குறைந்தது ஐந்து ஆண்டுகள் பணியாற்றியாக வேண்டும். அந்தக் குறைந்தபட்சப் பணிக்காலத்தைவிடவும் கப்பலின் பணிக்காலம் குறைவு. கட்டும்போது எண்ணிக்கை ஒன்று கூடியது, விடுவித்தபோது ஒன்று குறைந்தது. இடையில் செலவான பணமும் தள நேரமும் திரும்பி வரப்போவதில்லை. எண்ணிக்கையை உயர்த்தும் அவசரத்தில் எந்த வகைக் கப்பல் தேவை என்ற கேள்வியைப் பின்னுக்குத் தள்ளுவது பெருந்தவறு என்றே நான் கருதுகிறேன்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: இலக்கை அறிவிப்பவர் அதிபர், பணம் தருவது காங்கிரஸ், எண்ணிக்கை உயர்வது புதிய கப்பல்களின் வரவால் மட்டுமன்று, பழையவை எப்போது விடைபெறுகின்றன என்பதாலும் தீர்மானிக்கப்படுகிறது.

பணம் வந்துவிட்டால் போதுமா?

போதாது. அணு ஆற்றலால் இயங்கும் விமானந்தாங்கியைக் கட்டும் திறன் அமெரிக்காவில் ஒரே ஒரு தளத்துக்குத்தான் உண்டு. அது வர்ஜீனியா மாநிலத்தின் நியூபோர்ட் நியூஸ் நகரில் இருக்கிறது. அணு நீர்மூழ்கிகளைக் கட்டுபவை இரண்டு: அதே நியூபோர்ட் நியூஸ், மற்றொன்று கனெக்டிகட் மாநிலத்தின் கிராட்டன். நாசகாரிக் கப்பல்கள் மெய்ன் மாநிலத்தின் பாத் நகரிலும் மிசிசிப்பி மாநிலத்தின் பாஸ்ககூலா நகரிலும் உருவாகின்றன. கூடுதல் பணம் வந்தவுடன் கூடுதல் தளம் முளைத்துவிடாது. இருக்கும் தளத்தில் கூடுதல் ஆட்கள் வேண்டும். நீர்மூழ்கியின் உடற்கூட்டில் பற்றவைப்புச் செய்பவர் கற்றுத் தேற ஆண்டுகள் ஆகும். நியூபோர்ட் நியூஸ் தளம் 1919 முதலே தனக்கென ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளியை நடத்தி வருவதற்கும், அங்கே பயிற்சி பல ஆண்டுகள் நீடிப்பதற்கும் காரணம் இதுவே. ஆண்டுக்கு இரண்டு வர்ஜீனியா வகுப்பு நீர்மூழ்கிகளுக்குக் காங்கிரஸ் பணம் ஒதுக்கியும், அண்மைக் காலத்தில் தளங்களிலிருந்து ஆண்டுக்கு இரண்டு வெளிவரவில்லை. ஒன்றைச் சற்றுத் தாண்டிய வேகமே நிலவியது.

ஜெரால்ட் ஃபோர்டு என்ற விமானந்தாங்கியின் கால அட்டவணையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கட்டுமான ஒப்பந்தம் 2008-இல் கையெழுத்தானது. 2009-இல் அடிக்கட்டை இடப்பட்டது. கட்டுமானம் முறைப்படி தொடங்கியதைக் குறிக்கும் சடங்கு அது. 2017 ஜூலையில் கப்பல் படையில் சேர்க்கப்பட்டது. சேர்ந்த பின்னும் அதனால் முழுமையாகப் பணியாற்ற முடியவில்லை. அடித்தளத்துக் கிடங்கிலிருந்து குண்டுகளை மேல்தளத்துக்கு ஏற்றும் 11 மின்தூக்கிகள் புதிய தொழில்நுட்பத்தில் அமைக்கப்பட்டிருந்தன. அவற்றில் கடைசித் தூக்கி ஒப்படைக்கப்பட்டது 2021 டிசம்பரில். முதல் முழு நீளக் கடற்பயணத்துக்குக் கப்பல் புறப்பட்டது 2023 மே மாதம். ஒப்பந்தத்துக்கும் அந்தப் பயணத்துக்கும் இடையே பதினான்கு ஆண்டுகளுக்கும் மேல் ஓடிவிட்டன. நான்கு அதிபர்கள் பதவியில் இருந்துவிட்டார்கள்.

ஆகவே, ஒரு தலைவர் தம் பதவிக்காலத்தில் பெருமையுடன் படையில் சேர்க்கும் கப்பல் பெரும்பாலும் முன்னவர் தொடங்கியதாகவே இருக்கும். அவர் தொடங்குவதன் பலன் பின்னவர் காலத்தில் வரும்.

கப்பல் இருந்தும் கடலில் இல்லாத நிலை

மூன்றில் ஒன்று என்பது கடற்படையினர் பயன்படுத்தும் தோராயக் கணக்கு. மூன்று கப்பல்கள் இருந்தால் ஒன்று தொலைதூரப் பணியில் இருக்கும், ஒன்று அடுத்த பணிக்குப் பயிற்சி எடுக்கும், ஒன்று பழுதுபார்ப்பில் கிடக்கும். பழுதுபார்ப்பு தாமதமானால் இந்தச் சுழற்சி முழுவதும் நின்றுவிடுகிறது.

பாய்சி என்ற நீர்மூழ்கிக்கு நேர்ந்தது இதுதான். 2015-இல் பணி முடித்துத் திரும்பிய அந்தக் கப்பலுக்குப் பெரும் பராமரிப்புப் பணி தேவைப்பட்டது. அணு ஆற்றல் கப்பல்களைப் பழுதுபார்க்கும் அரசுத் தளங்கள் நான்குதான் உள்ளன: வர்ஜீனியாவில் நார்ஃபோக், மெய்ன் மாநிலத்தில் போர்ட்ஸ்மவுத், வாஷிங்டன் மாநிலத்தில் பியூஜெட் சவுண்ட், ஹவாயில் பேர்ல் ஹார்பர். அவற்றில் வரிசை நீண்டிருந்தது. கப்பலின் கீழ்ப்பகுதியில் வேலை செய்ய நீர் இறைத்து வறளவைக்கும் உலர்துறை காலியாக இல்லை. காத்திருந்த காலத்திலேயே, 2017-இல், நீரில் மூழ்குவதற்கான தகுதிச் சான்றையும் அது இழந்தது. முழுமையான பராமரிப்புக்கு ஏறத்தாழ 120 கோடி டாலர் மதிப்பில் ஒப்பந்தம் வழங்கப்பட்டதோ 2024-இல். இத்தனை ஆண்டுகளும் எண்ணிக்கைப் பட்டியலில் பாய்சி ஒரு கப்பலாகவே இடம்பெற்றிருந்தது. புதிய கப்பலுக்கு விழா உண்டு, பழுதுபார்ப்புக்கு விழா இல்லை. அரசியல் கவனம் ஒரு பக்கமாகவே சாய்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

மேடைக்கு எதிரே அமர்ந்திருப்பவர்கள்

உரையைக் கேட்கும் இளைஞர்கள் அன்று கடற்படையில் என்சைன் என்ற தொடக்கநிலை அதிகாரிகளாகவோ, மரைன் படையில் இரண்டாம் லெப்டினன்டுகளாகவோ பொறுப்பேற்கிறார்கள். போர்க்கப்பலுக்குச் செல்லும் என்சைன் பிரிவு அதிகாரி ஆகிறார். அதாவது எந்திரம், தகவல்தொடர்பு, ஆயுதம் போன்ற ஏதேனும் ஒரு பிரிவின் மாலுமிகளுக்குத் தலைமை ஏற்கிறார். கூடவே, கப்பலை இரவும் பகலும் முறைவைத்துச் செலுத்தும் குழுவிலும் இடம்பெறுகிறார்.

இந்தப் பணிக்கான பயிற்சியில் கைவைத்ததன் விலையை அமெரிக்கக் கடற்படை நேரில் கண்டிருக்கிறது. 2003-இல், கப்பலுக்குச் செல்லும் முன் புதிய அதிகாரிகள் கரையில் பெற்றுவந்த பல வாரப் பயிற்சி கைவிடப்பட்டு, அதற்குப் பதிலாகக் கணினிக் குறுந்தகடுகள் கொடுக்கப்பட்டன. கப்பலில் வேலைக்கு நடுவே அவற்றைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த முடிவு பின்னர் படிப்படியாகத் திருத்தப்பட்டது. ஆனாலும் பயிற்சிக் குறைபாடு முழுமையாகத் தீரவில்லை என்பதை 2017-ஆம் ஆண்டு காட்டியது. அந்த ஜூன் மாதம் ஜப்பானுக்கு அருகே ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற நாசகாரிக் கப்பல் ஒரு சரக்குக் கப்பலுடன் மோதியதில் ஏழு மாலுமிகள் உயிரிழந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்ட் 21 அன்று, சிங்கப்பூர் நீரிணையை நெருங்கிக்கொண்டிருந்த ஜான் மெக்கெய்ன் என்ற நாசகாரிக் கப்பலில் நடந்ததைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயனுள்ளது. கப்பலைத் திருப்புவதையும் வேகத்தைக் கட்டுப்படுத்துவதையும் ஒரே மாலுமி கவனித்துக்கொண்டிருந்தார். அவருடைய சுமையைக் குறைக்க, வேகக் கட்டுப்பாட்டை மட்டும் பக்கத்து இருக்கைக்கு மாற்ற உத்தரவு வந்தது. தொடுதிரையில் மாற்றியபோது, திருப்பும் கட்டுப்பாடும் சேர்ந்து வேறிடத்துக்குப் போய்விட்டது. சுக்கான் வேலை செய்யவில்லை என்று மாலுமி அறிவித்தார். உண்மையில் சுக்கான் பழுதாகவில்லை. வேகத்தைக் குறைக்க முயன்றபோது கப்பலை உந்தும் இரண்டு சுழலித் தண்டுகளில் ஒன்று மட்டுமே வேகம் குறைந்ததால் கப்பல் மேலும் இடப்பக்கம் திரும்பி, அருகே வந்துகொண்டிருந்த எண்ணெய்க் கப்பலின் பாதையில் நுழைந்தது. பத்து மாலுமிகள் இறந்தார்கள். அன்று செலுத்துமேடையில் இருந்தவர்களில் சிலர் வேறொரு கப்பலிலிருந்து தற்காலிகமாக வந்தவர்கள். அந்தத் தொடுதிரை அமைப்பு அவர்களுக்குப் பழக்கமில்லாதது. கடற்படையின் போதிய மேற்பார்வையின்மையும் அதனால் விளைந்த பயிற்சிக் குறைவுமே விபத்துக்குக் காரணம் என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு கூறியது.

கப்பல்கள் குறைவாகவும் பணிகள் அதிகமாகவும் இருந்தபோது, பயிற்சி நேரமும் மாலுமிகளின் உறக்கமும்தான் முதலில் வெட்டப்பட்டன. அந்த வகையில் கூடுதல் கப்பல் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கூடுதல் கப்பலுக்குக் கூடுதல் மாலுமியும் வேண்டும். ஒரு நாசகாரிக் கப்பலுக்கு மட்டும் சுமார் 300 பேர் தேவை. அவர்களை வழிநடத்தும் அதிகாரி உருவாவதற்கான காலமும் நீண்டது. இன்று என்சைனாகச் சேர்பவர் ஒரு நாசகாரிக் கப்பலின் தலைமையை ஏற்க ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் ஆகலாம். 2018-இல் அந்த அரங்கில் அமர்ந்திருந்தவர்கள் அந்த நிலையை எட்டுவது 2030-களின் நடுவில். நிதிநிலை அலுவலகம் 355-க்குக் குறிப்பிட்ட மிக விரைவான ஆண்டும் 2035 என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். கப்பலும் தளபதியும் உருவாக ஏறத்தாழ ஒரே காலம்தான் ஆகிறது. இரண்டுக்கும் குறுக்குவழி இல்லை.

சுருக்கமாக, தளம், பழுதுபார்ப்பு, பயிற்சி பெற்ற மனிதர் ஆகிய மூன்றில் எது குறைந்தாலும் பட்டியலில் உள்ள கப்பல் கடலில் பயன்படாது.

அப்படியானால் உரையால் என்ன பயன்?

உரை பணத்தை உருவாக்குவதில்லை, ஆனால் திசையைக் காட்டுகிறது. கப்பல் தளத்தின் உரிமையாளர் புதிய பளுதூக்கியை வாங்கலாமா, ஆட்களைப் பயிற்சிக்கு எடுக்கலாமா என்று முடிவெடுக்க, அரசு அடுத்த சில ஆண்டுகளில் பின்வாங்காது என்ற நம்பிக்கை அவருக்கு வேண்டும். காங்கிரசில் தளங்கள் உள்ள மாநிலங்களின் உறுப்பினர்கள் அதிபரின் சொல்லைப் பற்றிக்கொண்டு ஒதுக்கீடு கேட்பார்கள். ஐந்து ஆண்டுகளுக்குப்பின் பணியில் நீடிப்பதா விலகுவதா என்று இளம் அதிகாரி யோசிக்கும்போது, வளரும் படையில் இருக்கிறோமா சுருங்கும் படையில் இருக்கிறோமா என்பதும் அந்த யோசனையில் ஒரு பங்கு வகிக்கும். ரேகனின் முழக்கம் பலித்ததற்குக் காரணம், பல ஆண்டுகள் தொடர்ந்து அதே சொல்லும் அதே பணமும் இணைந்து வந்ததுதான்.

எனவே அடுத்த முறை இத்தகைய உரையைப் படிப்பவர்கள் எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளாமல், அந்த ஆண்டின் ஒதுக்கீட்டுச் சட்டத்தில் எத்தனை கப்பல்களுக்குப் பணம் தரப்பட்டது என்பதையும், கடற்படை காங்கிரசுக்கு அளிக்கும் 30 ஆண்டுக் கப்பல் கட்டுமானத் திட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தத் திட்டத்தில், ஒவ்வோர் ஆண்டும் படையில் சேரவிருக்கும் கப்பல்களோடு, விடுவிக்கப்படவிருக்கும் கப்பல்களின் கணக்கும் தரப்பட்டிருக்கும். முதலில் படிக்க வேண்டியது அந்த இரண்டாவது கணக்கை.